எலிக்கூண்டைக் கழுவிய சோப்பு... பால் புட்டி வரை வந்த பாடம்!

``பிளாஸ்டிக்னாலே விஷம்தான்’’ என்று ஒரு தரப்பு. ``லேப்லயே ஆசிட்டை பிளாஸ்டிக் பாட்டில்லதானே வைக்கிறாங்க, ஒண்ணும் ஆகாது’’ என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் புரியவைத்தது, அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் நடந்த ஒரு சின்னத் தவறு.

1998, ஆகஸ்ட் மாதம். க்ளீவ்லேண்ட் நகரில் இருக்கும் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில், மரபியல் விஞ்ஞானி பேட்ரிசியா ஹன்ட் சுண்டெலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். முட்டை முதிரும்போது அதிலுள்ள குரோமோசோம்கள் ஒழுங்காக வரிசையில் நின்று பிரிய வேண்டும். அது பிசகினால் கரு கலையலாம். பிறவிக் குறைபாடு வரலாம். எந்த மருந்தும் கொடுக்கப்படாத ஆரோக்கியமான எலிகளில், நூற்றுக்கு ஒன்றிரண்டு முட்டைகளில்தான் இந்தக் கோளாறு இருக்கும். திடீரென்று அது நூற்றுக்கு நாற்பதாக எகிறியது.

எங்கே தவறு என்று ஒவ்வொன்றாகத் துருவினார்கள். கடைசியில் கண்ணில் பட்டவை கூண்டுகளும் தண்ணீர் பாட்டில்களும்தான். கண்ணாடிபோலப் பளிச்சென்று இருக்க வேண்டிய பிளாஸ்டிக், மங்கிப்போயிருந்தது. வழக்கமான சோப்புக்குப் பதிலாக, தரை கழுவும் காரத்தன்மை மிகுந்த திரவத்தை ஊற்றி யாரோ தவறுதலாகக் கழுவியிருந்தார்கள்!

சந்தேகத்தை உறுதிசெய்ய, நல்ல கூண்டுகளை வேண்டுமென்றே அதே திரவத்தால் கழுவிப் பார்த்தார்கள். கோளாறு மறுபடி வந்தது. பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த `பிஸ்பீனால் ஏ’ என்ற வேதிப்பொருளை மட்டும் தனியாகக் கொடுத்தபோதும் அதே விளைவு. 2003-ல் இந்த ஆய்வு வெளியானது.

அந்தக் கார திரவம் என்ன செய்தது?

அந்தக் கூண்டுகள் `பாலிகார்பனேட்’ என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. கீழே விழுந்தாலும் உடையாது, சூடு தாங்கும், கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அதனால்தான் ஆய்வுக்கூடங்களுக்கு அதைப் பிடித்துப்போனது. பிஸ்பீனால் ஏ மூலக்கூறுகளை மணிகள்போலக் கோத்தால் கிடைப்பதுதான் பாலிகார்பனேட். அந்த மணிகளைச் சேர்த்துப்பிடிக்கும் கண்ணிகளை அறுக்கும் கத்தரி, காரம். சூடும் சேர்ந்தால் கத்தரி இன்னும் வேகமாக வெட்டும். கண்ணி அறுந்தால், மணி உதிர்ந்து தண்ணீரில் கலக்கும்.

ஆக, இது நல்ல பிளாஸ்டிக்கா, கெட்ட பிளாஸ்டிக்கா என்ற கேள்வியே தவறு. எந்த பிளாஸ்டிக்கில் எதை ஊற்றுகிறோம், எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. ஆய்வுக்கூடப் பாட்டில்களை விற்பவர்கள் இதற்கென்றே ஓர் அட்டவணை தருகிறார்கள். கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தம்தான்!

யாருக்கு யார் பொருத்தம்?

கண்ணாடியையே அரித்துவிடும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை, பால் கவர் செய்யப்படும் அதே பாலிஎத்திலீன் குடும்பத்துப் பாட்டிலில் அடைத்து வைக்கலாம். ஆனால், அதே பாலிஎத்திலீன் டொலுயீன் போன்ற கரைப்பான்களை உறிஞ்சி உப்பிவிடும்.

பாலிபுரொப்பிலீன், 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் கிருமி நீக்கம் செய்தாலும் தாங்கும். அடர் நைட்ரிக் அமிலம் பட்டால் நாளடைவில் நொறுங்கும்.

கிருமிகளை வளர்க்கும் பெட்ரி தட்டுகள் பாலிஸ்டைரீனால் ஆனவை. அதையே நுரைக்கவைத்தால் தெர்மாகோல். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரைத் தெர்மாகோல் மீது சொட்டிப் பாருங்கள்; கண்ணெதிரே குழி விழும்.

கிட்டத்தட்ட எல்லாவற்றோடும் ஒத்துப்போவது டெஃப்லான். 1938-ல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தது. விலை அதிகம் என்பதால், வேறு வழியில்லாத இடங்களில்தான் பயன்படுத்துகிறார்கள்.

நம் வீட்டுக்கு வருவோம்

ஹன்ட்டின் எலிகளுக்கு நடந்தது மனிதர்களுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. எந்த அளவு ஆபத்தானது என்பதில் விஞ்ஞானிகளிடையே நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. ஆனால், குழந்தைகள் விஷயத்தில் அரசுகள் காத்திருக்கவில்லை. பாலிகார்பனேட் பால் புட்டிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் தடை விதித்தது. அமெரிக்கா 2012-ல் அனுமதியை விலக்கிக்கொண்டது.

நாம் செய்ய வேண்டியவை சிலதான். பாத்திரத்தின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். சூட்டை ஓரளவு நன்றாகவே தாங்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன். சூடான காபிக்கும் குழம்புக்கும் வேண்டாம். 7 என்பது `மற்றவை’. பாலிகார்பனேட்டும் இதில்தான் வரும். 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பாலிகார்பனேட்டில் செய்தவையும் உண்டு. மங்கி, கீறல் விழுந்து, வெடிப்பு கண்ட கேன் வந்தால் ``வேற கேன் கொடுங்க’’ என்று கேட்டு வாங்குங்கள். கேனையோ பழைய பாட்டிலையோ சுடுதண்ணீரில் சோடா போட்டு ஊறவைத்துத் தேய்க்காதீர்கள்.

இன்னொன்று, இது மிக முக்கியம். பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் திரவம், பெயின்ட் தின்னர் எதையும் குடிநீர் பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள். அந்த பாட்டில் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பாட்டில் தாங்கினாலும், தண்ணீர் என்று நினைத்து எடுத்துக் குடிக்கும் குழந்தையின் தொண்டை தாங்காது. வாங்கிய பாட்டிலிலேயே, லேபிளோடு, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.