அண்மை நிலத்தில் ஒரு குடும்பப் பயணம்

பயணத்தைக் குறிக்கும் ‘சஃபர்’ எனும் அரபுச் சொல், திரை விலகி வெளிப்படுதல் என்னும் பொருள்தரும் மூலத்தினின்று பிறந்தது. வைகறை வெளுத்துத் தெளிவதை ‘இஸ்ஃபார்’ என்பதும் அம்மூலத்திலிருந்தேயாகும். மனிதரின் குணங்களைப் பயணம் வெளிக்கொணர்வதால் அதற்கு இப்பெயர் வந்தது என்று மொழியறிஞர் விளக்குவர். பூமியில் சுற்றிவந்து முன்சென்றோரின் முடிவை நோக்குமாறு இறைமறையும் பல இடங்களில் மனிதரை அழைக்கிறது. காண்பதும் சிந்திப்பதுமே பயணத்தின் உயிர் என்பது இதனால் விளங்கும்.

நம் குடும்பங்களின் விடுமுறைப் பயணமோ பெரும்பாலும் இதற்கு மாறாக அமைகிறது. ஒரே நாளில் ஐந்தாறு இடங்கள். எங்கும் அரைமணி நேரம். பிறகு மீண்டும் வண்டி. இத்தாலிய நாட்டில் வேறொரு முறை வேரூன்றியுள்ளது. உழவர்கள் தம் பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்கவைத்து, அங்கு விளைந்ததையே உணவாகப் படைப்பர். இவ்வழக்கத்தை நெறிப்படுத்த அந்நாடு 1985ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றியது. வெளியூரிலிருந்து வரும் குடும்பம் கிராமத்தில் சில நாள் தங்கி, அங்கிருந்து பழம்பெரும் நகரங்களைப் பகலில் கண்டு மாலையில் திரும்பும். ஓரிடத்தில் ஊன்றியிருந்து சுற்றுப்புறத்தைக் காணும் இம்முறை நமக்கும் ஏற்றதே. வளைகுடாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் விடுப்பில் வருவோர் கொடைக்கானலுக்கு ஏறும் அவசரத்தில் கடந்துசெல்லும் திண்டுக்கல் நகரும் அதன் சமவெளியுமே இதற்கு நல்ல களமாகும்.

முதல் நாளை மலைக்கோட்டைக்கும் பேகம்பூருக்கும் ஒதுக்கலாம். மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்பர் 1605இல் கட்டிய இக்கோட்டை திருமலை நாயக்கர் காலத்தில் வலுப்பெற்றது. 1755இல் மைசூர் அரசின் ஃபவ்ஜ்தாராக இங்கு அமர்ந்த ஹைதர் அலி, தம் படைபலத்தை வளர்த்துக்கொண்டது இவ்வூரில்தான். ஆறே ஆண்டுகளில் மைசூரின் ஆட்சி முழுவதும் அவர் கைக்கு வந்தது. மலையின் அருகிலுள்ள பேகம்பூர், அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் பெயரால் வழங்குவது. அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் வளாகத்தில் அவருடைய அடக்கத்தலம் உள்ளது.

இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். ஹைதரை நாடி உதவி கேட்டார். அவர் உருது மொழியில் உரையாடியது ஹைதரை வியக்கவைத்தது என்பது வழிவழிச் செய்தி. ஹைதரின் துணைப்படையுடன் 1780இல் அவர் தம் சீமையை மீட்டார். 1790இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். சமயம் வேறான மூவரை ஒரு நோக்கம் இணைத்த வரலாறு இது. பகைமைக் கதைகளே வரலாறென்று இளையோர் செவிகளில் விழும் இந்நாளில், இக்கோட்டையின் படிகளில் நின்று கூறப்படும் ஒரு சொல் நூறு மறுப்புரைகளினும் வலிமையுடையது.

இரண்டாம் நாள் சமவெளிக்குரியது. மேற்குமலை அடிவாரத்து ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம், 1947இல் தோன்றிய காந்திகிராமம், சின்னாளப்பட்டியின் தறிகள் ஆகியவை அருகருகே உள்ளன. நகருக்குத் திரும்பியபின், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைக் கையால் செய்யும் பட்டறை ஒன்றில் முன்னனுமதி பெற்று ஒருமணி நேரம் அமர்ந்திருக்கலாம். அருகிவரும் அக்கைத்தொழிலைப் பிள்ளைகள் கண்ணால் காண்பது ஒரு பாடமாகும். மூன்றாம் நாள் சிறுமலைக்கோ, பழனிச் சாலையிலுள்ள விருப்பாட்சிக்கோ செல்லலாம். இரண்டையும் ஒரே நாளில் திணிக்கவேண்டாம்.

காலத்தைத் தேர்வதும் முக்கியம். சித்திரை, வைகாசியில் கோட்டைப் பாறை அனலாய்க் காயும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியும் தையும் உகந்தவை. அப்போதும் மலையேற்றத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நலம்.

தொழுகை குறித்த தெளிவும் முன்கூட்டியே வேண்டும். ‘கஸ்ர்’ செய்வதற்குரிய தூரம் இக்காலக் கணக்கில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆதலால் திண்டுக்கல்லில் குடியிருப்போர் சிறுமலைக்கோ மதுரைக்கோ சென்றுவந்தால் முழுமையாகவே தொழவேண்டும். சென்னையிலிருந்து வருவோர் ஹனஃபி மத்ஹபில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணமிருப்பின் லுஹர், அஸர், இஷா தொழுகைகளைச் சுருக்குவர். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகத் தொழுவர். ஷாஃபிஈ மத்ஹபில், வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினால் பயணிக்குரிய சலுகை நீங்கிவிடும். திண்டுக்கல்லே சொந்த ஊராக இருப்போர் எத்தனை தொலைவிலிருந்து திரும்பினாலும் இங்கே பயணியராகார்.

பெண்கள் தொழ இடமுள்ள பள்ளிவாசல்கள் எவையென முன்னரே விசாரித்துக்கொள்வதும், விரிப்பும் ஒளுவுக்கான நீரும் வண்டியில் வைத்திருப்பதும் குடும்பத் தலைவரின் பொறுப்பு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படுகையில், உடன் வருவதற்குத் தம் துணைவியருள் ஒருவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தார்கள். அன்ஜஷா என்பவர் ஒட்டகங்களை விரைந்து ஓட்டியபோது, அவற்றின்மீது பெண்கள் இருப்பதை நினைவூட்டி மெல்லச் செலுத்துமாறு பணித்தார்கள். குடும்பப் பயணத்தின் வேகத்தை நிர்ணயிப்பவர் அதிலுள்ள வலியவர் அல்லர் என்பதை இதிலிருந்து உணரலாம். மூட்டுவலியுள்ள பாட்டியும் கைக்குழந்தையுடைய தாயும் களைப்படையாத அளவே அந்நாளின் அளவு.

எத்தனை இடம் பார்த்தோம் என்ற கணக்கு ஊர் திரும்பிய மறுவாரமே மறந்துபோகும். தம் மண்ணில் யார் வாழ்ந்தனர், எவருடன் கைகோத்து நின்றனர் என்று பிள்ளைகள் அறிந்துகொண்டது நெடுங்காலம் நிலைக்கும். அயல்நாடுகளைக் காண வசதி வாய்த்தோர் தாராளமாகச் செல்லட்டும். அதற்கு முன் மூன்று நாளேனும் தம் மண்ணுக்கு ஒதுக்குவார்களாக.