ரயில் நின்றால் பஸ்: அந்தப் பஸ்ஸின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

"ரயில் பாதை சேதமடைந்துள்ளதால் பயணிகளுக்கு மாற்று பஸ் சேவை ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது." கடந்த சில வருடங்களில் இந்த அறிவித்தலை நாம் பல தடவைகள் கேட்டுவிட்டோம். 2025 பெப்ரவரியில் மின்னேரியா, கல்லோயா பகுதியில் மீனகயா கடுகதி ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. அதில் ஆறு யானைகள் இறந்தன, மட்டக்களப்பு சேவையும் பாதிக்கப்பட்டது. அதே வருடம் நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி, மலையகம், வடக்கு, கிழக்கு என எல்லா ரயில் மார்க்கங்களையும் ஒரே நேரத்தில் முடக்கியது. அதற்கு முன்னர், வடக்குப் பாதையின் திருத்த வேலைகளுக்காகவும் ரயில்கள் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தன.

அறிவித்தலைக் கேட்டதும் நாம் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். பஸ் எத்தனை மணிக்கு? ஆசனம் கிடைக்குமா? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பஸ் பாதுகாப்பானதா? அதை யாரும் கேட்பதில்லை. நான் கிழக்கில் ஒரு பஸ் டிப்போவின் திருத்த வேலைப் பகுதியில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அந்த மூன்றாவது கேள்வி ஏன் முக்கியமானது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

ரயிலில் இருப்பதும் பஸ்ஸில் இல்லாததும்

ஒரு ரயில் பயணத்தின் பாதுகாப்பு சாரதி ஒருவரின் கையில் மட்டும் இல்லை. அவருக்கு உதவியாளர் இருக்கிறார், பின்னால் காட் இருக்கிறார், வழியெங்கும் நிலைய அதிபர்கள் இருக்கிறார்கள். சிக்னல் விழாமல் ரயில் நகராது. எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. ஒருவர் தவறினாலும் தடுத்து நிறுத்த இன்னொருவர் இருக்கிறார்.

அதே பயணிகளைப் பஸ்ஸுக்கு மாற்றும்போது இந்த அடுக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் இல்லாமல் போகின்றன. ஒரு சாரதி, ஒரு ஸ்டியரிங், ஒரு பிரேக். அவ்வளவுதான். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் பஸ் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடுகிறது. சாரதி மூன்று செக்கன் கண்ணயர்ந்தால், பஸ் 50 மீற்றர் தூரத்தைத் தானாகவே கடந்திருக்கும்.

வழக்கமான பஸ்ஸை விட மாற்று பஸ் ஏன் ஆபத்தானது?

முதலாவது காரணம் அவசரம். டிப்போவின் நல்ல பஸ்கள் காலையிலேயே தமது நேர அட்டவணைப்படி பாதையில் இறங்கிவிடும். திடீரென்று பத்து பஸ் வேண்டும் என்று தகவல் வந்தால், கையிருப்பில் நிற்பவைதான் வெளியே எடுக்கப்படும். அவற்றில் சில ஏதோ ஒரு குறைக்காக ஒதுக்கி வைக்கப்பட்டவையாகவும் இருக்கும். நான் வேலை செய்த காலத்தில் இப்படியான நாட்களில்தான் "பிறகு பார்ப்போம், இப்போது அனுப்புங்கள்" என்ற சொல்லை அதிகம் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது காரணம் சாரதி. அன்றைய வேலையை முடித்துவிட்டு வந்தவரையே மீண்டும் இரவுப் பயணத்துக்கு அனுப்பும் நிலை ஏற்படுகிறது. ஐரோப்பிய நாடுகளில், நான்கரை மணித்தியாலம் ஓட்டிய பஸ் சாரதி 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டம். எமது சாரதி அந்த 45 நிமிடத்தைக் கேட்டால், தாமதத்தால் ஏற்கனவே சலித்துப்போன பயணிகளே அவரைத் திட்டுவார்கள். அதற்கு மேலாக, தினமும் சமதரையில் ஓட்டுபவர் கடுகண்ணாவை இறக்கத்திலோ நுவரெலியா வளைவுகளிலோ முதல் தடவையாக ஓட்ட நேர்கிறது. நீண்ட இறக்கத்தில் பாரமான கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறைந்துவிடும். பாதை பழகியவருக்கு இது கை வந்த விடயம். மற்றவருக்கு அது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

மூன்றாவது காரணம் கணக்கு. எட்டுப் பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர் என்று வைத்துக்கொண்டால் ஒரு ரயிலில் 480 பேர். ஐம்பது ஆசனங்கள் உள்ள பஸ் என்றால் பத்து பஸ்கள் தேவை. ஆறு பஸ்தான் வந்தால், பஸ் ஒன்றுக்கு 80 பேர். மேலதிகமான 30 பேரின் நிறை மட்டும் கிட்டத்தட்ட 1,800 கிலோ. பஸ்ஸை நிறுத்தக் கூடுதல் தூரம் தேவைப்படும். நின்று பயணிப்பவர்களால் பாரம் மேலே ஏறுவதால், வளைவில் பஸ் சரியும் அபாயமும் கூடும். போதாக்குறைக்கு, ரயிலில் கொண்டுவந்த பொதிகள் எல்லாம் நடைபாதையிலும் கதவருகிலும் அடுக்கப்படும். விபத்து நடந்தால் வெளியேற வழி இருக்காது.

இவை வெறும் பயமுறுத்தல் அல்ல

2025 மே 11 அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதில் 70 இற்கும் அதிகமானோர் இருந்தனர். 2023 ஜூலை 9 ஆம் திகதி, கதுருவெலவிலிருந்து கிழக்கு நோக்கி வந்த பஸ் மன்னம்பிட்டி கொட்டலிய பாலத்திலிருந்து ஆற்றில் வீழ்ந்தது. அந்தத் துயரம் எமது ஊர்கள் பலவற்றின் வீடுகளுக்கு வந்தது. இவை இரண்டும் ரயிலுக்கு மாற்றாக ஓடியவை அல்ல. வழக்கமான பாதையில் ஓடிய வழக்கமான பஸ்கள். வழமையான நாளிலேயே நிலைமை இதுவென்றால், மழையும் வெள்ளமும் மண்சரிவும் உள்ள நாளில், அவசரத்தில் சேர்க்கப்பட்ட பஸ்ஸில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ரயில் பாதையை உடைத்த அதே மழை வீதியையும் பலவீனப்படுத்தியிருக்கும். டித்வாவுக்கு சில நாட்கள் முன்னர், நவம்பர் 22 ஆம் திகதி பஹல கடுகண்ணாவையில் கொழும்பு, கண்டி பிரதான வீதியோரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து ஆறு பேர் உயிரிழந்தனர். ரயில் ஓட முடியாத இடத்தில் பஸ் ஓடலாம் என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்துவிட முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பிரதேசத்துக்கு மூன்றாம் நிலை, அதாவது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால், அவ்வழியே மாற்று பஸ் அனுப்புவதே தவறு. அன்றைய பயணத்தை ரத்துச் செய்வதுதான் பயணிகளுக்குச் செய்யும் உதவி.

கேட்க வேண்டியவை

பொறுப்பு இங்கே பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. டிக்கெட் கொடுத்தது ரயில்வே திணைக்களம். பஸ் இலங்கை போக்குவரத்துச் சபையுடையது அல்லது தனியாருடையது. மாகாணங்களுக்கு இடையிலான தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. ஏதாவது நடந்தால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். ஆகவே சேவை தொடங்கும் முன்னரே பின்வரும் விடயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது எனது கோரிக்கை.

பஸ் புறப்படும் முன் பிரேக், டயர், விளக்கு, வைப்பர், அவசரக் கதவு ஆகியவற்றைப் பரிசோதித்த ஒருவரின் கையொப்பம் வேண்டும். சாரதி கடைசியாக எப்போது ஓய்வெடுத்தார் என்பது பதியப்பட வேண்டும். நீண்ட இரவுப் பயணத்துக்கு இரண்டாவது சாரதி வேண்டும். ஆசனத்துக்கு மேல் ஆள் ஏற்றக்கூடாது. நிலையத்தில் ஏறுபவர்களின் எண்ணிக்கையைக் குறித்து, பஸ் போய்ச் சேரும் வரை தொடர்பில் இருக்கும் ரயில்வே அதிகாரி ஒருவர் வேண்டும்.

இடைத்தரிப்பும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். ரயிலில் மலசலகூடம் உண்டு, பஸ்ஸில் இல்லை. நீரிழிவு உள்ளவர்களும் வயோதிபர்களும் குழந்தைகளும் நடுவழியில் இறங்கத்தான் செய்வார்கள். ஹபரணை, மின்னேரியா காட்டுப் பகுதியில் இரவில் வீதியோரம் இறங்குவது யானையின் முன்னால் இறங்குவதற்குச் சமம். வெளிச்சமுள்ள, மலசலகூடமுள்ள ஓரிடத்தில் மட்டுமே பஸ் நிற்க வேண்டும்.

பயணிகளான நாம் செய்யக்கூடியவை

பஸ் நிரம்பியிருந்தால் ஏற வேண்டாம். அடுத்த பஸ்ஸைக் கேளுங்கள். மிதிபலகையில் தொங்கும் பிள்ளையை உள்ளே அழையுங்கள், அல்லது இறக்கிவிடுங்கள். ஆசனப்பட்டி இருந்தால் அணியுங்கள். பஸ்ஸின் இலக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அவசரக் கதவு எங்கே என்று பாருங்கள், அதன் முன் பொதி வைக்க விடாதீர்கள். சாரதி கண்ணயர்வதாகவோ போட்டி ஓட்டம் ஓடுவதாகவோ தெரிந்தால் நடத்துனரிடம் சொல்லி பஸ்ஸைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் முறைப்பார்கள், பத்துப் பேர் சொன்னால் நிறுத்துவார்கள். தனியார் பஸ் தொடர்பான முறைப்பாட்டுக்கு 1955, இ.போ.ச. பஸ்ஸுக்கு 1958, பொலிஸ் அவசரத்துக்கு 119, அம்பியூலன்ஸுக்கு 1990.

ரயில் நின்ற நாட்களில் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் பல்கலைக்கழக மாணவர்களுக்காகவும் மஹரகமைக்குச் செல்லும் நோயாளிகளுக்காகவும் தாமாகவே வாகனம் பிடித்துக் கொடுக்கின்றன. அது பெரிய உதவி. அவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். வாடகையை விசாரிக்கும் முன்னர் டயரைப் பாருங்கள். சாரதி நேற்றிரவு எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேறு வாகனம் பாருங்கள்.