உங்களுக்குத் தெரியுமா? எண்தான் பெயர்!
கேமரன் மலையில், கம்போங் ராஜாவிலிருந்து தெற்கே பிரிஞ்சாங், தானா ராத்தா பக்கம் போனால், காட்டு ஓட்டப் பாதைகளை எண் சொல்லித்தான் கேட்க வேண்டும். முதலாம் எண் பாதை 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையில் ஏறுகிறது. உச்சியருகே வேரெல்லாம் ஈரப் பாசி; எப்பேர்ப்பட்ட ஓட்டக்காரருக்கும் அங்கே நடைதான்! கீழே, நம்மவர்கள் தலைமுறைகளாகக் கொழுந்தெடுத்த தேயிலைச் சரிவுகள்.

இந்தக் காட்டை லேசாக நினைத்துவிடாதீர்கள். தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகுக்குக் காட்டிய அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தா பங்களாவிலிருந்து வெளியே போனவர், திரும்பவே இல்லை. படையினரும் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களும் சல்லடை போட்டுத் தேடியும் பலனில்லை. ஓடக் கிளம்புமுன், எத்தனையாம் எண் பாதை என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.