போன்ல பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியுமா?

ஒவ்வொரு பெரிய அப்டேட் வந்த வாரமும் நம்ம ஹாஸ்டல்ல ஒரே கேள்விதான் சுத்தும். "அண்ணா, பழைய வெர்ஷனே நல்லா இருந்துச்சு. அதையே திரும்பப் போட்டுத் தர முடியுமா?" கம்ப்யூட்டர்ல கண்ட்ரோல் இசட் அடிக்கிற மாதிரி போன்லயும் ஒண்ணு இருக்கும்னு நம்பித்தான் கேக்குறாங்க. அப்படி ஒண்ணு கிடையாது. டவுன்கிரேடுன்னு நாம சொல்றது, போனை மொத்தமா துடைச்சுட்டு பழைய சிஸ்டத்தைப் புதுசா ஏத்துற வேலை. அதுக்கும் அனுமதி கொடுக்கிறது நீங்க இல்ல. போனுக்குள்ள பதிஞ்சிருக்கிற ஒரு சின்ன எண்.

முதல்ல, ஏன் துடைக்கணும்? பழைய ஆண்ட்ராய்டைப் போட்டா போட்டோவும் மெசேஜும் அப்படியே இருந்தா என்ன கெட்டுப் போச்சு?

ஆண்ட்ராய்டு ஆப் எழுதிப் பார்த்தவங்களுக்கு எஸ்க்யூலைட் ஞாபகம் இருக்கும். டேட்டாபேஸுக்கு வெர்ஷன் நம்பர் உண்டு. 1-லேருந்து 2-க்குப் போறப்ப என்ன பண்ணணும்னு 'ஆன்அப்கிரேட்'ல எழுதுவோம். 'ஆன்டவுன்கிரேட்'ல யாராவது ஏதாவது எழுதியிருக்கீங்களா? லேப் ரெக்கார்டுல கூட இருக்காது. எழுதாம விட்டா அது எர்ரரைத் தூக்கிப் போட்டுட்டு நின்னுடும். போன் முழுக்க காண்டாக்ட்ஸ், மெசேஜ், செட்டிங்ஸ்னு இப்படி எத்தனையோ டேட்டாபேஸ் இருக்கு. புது சிஸ்டம் அதையெல்லாம் தன் பாணிக்கு மாத்தி எழுதிடுது. மாத்தினதைப் படிக்கப் பழைய சிஸ்டத்துக்குத் தெரியாது.

இதைவிட ஆழமான காரணம் ஒண்ணு இருக்கு. உங்க டேட்டாவெல்லாம் என்கிரிப்ட் ஆகி இருக்கு. அந்தச் சாவி, சிப்புக்குள்ள தனியா ஒரு பாதுகாப்பான பகுதியோட பொறுப்புல இருக்கு. சாவியோட சேர்த்து ஓஎஸ் வெர்ஷனும், எந்த மாச செக்யூரிட்டி பேட்ச்ங்கிறதும் கட்டி வைக்கப்பட்டிருக்கு. அப்டேட் ஆனதும் சாவியும் புது வெர்ஷனோட சேர்ந்துடும். அதுக்கப்புறம் பழைய சிஸ்டம் வந்து கேட்டா, சாவி கிடைக்காது. பூட்டின பெட்டி கையில இருந்தும் திறக்க முடியாத கதைதான்.

சரி, டேட்டா போனாப் போகட்டும், துடைச்சிட்டே போடுறேன்னு சொல்றீங்களா? இப்பதான் அந்த எண் வருது.

ஒவ்வொரு சிஸ்டம் இமேஜுக்குள்ளயும் 'ரோல்பேக் இண்டெக்ஸ்'னு ஒரு எண் இருக்கும். போனும் தான் இதுவரை பார்த்த பெரிய எண்ணை ஒரு இடத்துல குறிச்சு வெச்சிருக்கும். பூட்லோடர் பூட்டியிருக்கிற போன் ஆன் ஆகுறப்ப ரெண்டையும் ஒப்பிடும். இமேஜ்ல இருக்கிற எண் சின்னதா இருந்தா, 'நீ பழசு, போ'ன்னு பூட் பண்ணாம நிறுத்திடும். சில போன்கள்ல இந்த எண் சிப்புக்குள்ள இருக்கிற மின் ஃபியூஸ்ல பதியுது. வீட்டு ஃபியூஸ் மாதிரியேதான், ஒரு தடவை எரிஞ்சா எரிஞ்சதுதான். ஆனா இதுல மாத்திப் போட வேற கம்பி கிடையாது.

போடிக்காரங்களுக்கு இது சுலபமா புரியும். 2010 கடைசி வரைக்கும் மதுரையிலேருந்து நம்ம ஊருக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்துச்சு. அப்புறம் தண்டவாளத்தையே பிரிச்சு, 1,000 மில்லிமீட்டர் அகலம் இருந்ததை 1,676 ஆக்கி, 2023 ஜூன்லதான் மறுபடி போடிக்கு ரயில் விட்டாங்க. இப்ப அந்தப் பழைய பெட்டியை ஆசையா கொண்டு வந்து நிறுத்தினாலும் ஒரு அடி நகராது. பெட்டியில குறை எதுவும் இல்ல, பாதை மாறிடுச்சு.

இந்தப் பூட்டு எதுக்குன்னு கடுப்பா இருக்கும். நியாயமான காரணம் இருக்கு. 2022-ல டேவிட் ஷூட்ஸ்னு ஹங்கேரியைச் சேர்ந்த ஒரு ஆராய்ச்சியாளர் கூகுள் பிக்சல் போன்ல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சார். லாக் ஆன போனை எடுத்து, தன்னோட சிம்மைப் போட்டு, சிம் பின்னை மூணு தடவை தப்பா அடிச்சு, அப்புறம் பியூகே நம்பரைக் கொடுத்தார். அவ்வளவுதான், ஸ்கிரீன் லாக் திறந்துடுச்சு! அந்த வருஷம் நவம்பர் பேட்ச்ல கூகுள் அதை அடைச்சுட்டு, அவருக்கு 70,000 டாலர் பரிசும் கொடுத்தது. இப்ப யோசிங்க. டேட்டாவை அழிக்காமலே பழைய வெர்ஷனை ஏத்த முடியும்னா, பஸ்ல உங்க போனை அடிக்கிற திருடன் முதல்ல என்ன பண்ணுவான்? அக்டோபர் வெர்ஷனை ஏத்திட்டு உள்ள வந்துடுவான். அதனால இந்தப் பூட்டையே மொத்தமா குறை சொல்ல எனக்கு மனசு வரல.

கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பூட்டு வேற வேற மாதிரி. நம்ம ஊர்ல இதை ரொம்பப் பேருக்கு அறிமுகப்படுத்தினது ரெட்மி நோட் 5 ப்ரோ. 2018 பிப்ரவரியில இந்தியாவுல வந்த போன், செம விற்பனை. அதே வருஷம் ஒரு அப்டேட்ல ஷாவ்மி இந்த ரோல்பேக் தடுப்பைப் போட்டது. அது தெரியாம வழக்கம்போலப் பழைய ரோமை ஃபிளாஷ் பண்ணவங்களுக்கு போன் செங்கல்லாச்சு. ஸ்கிரீன்ல லோகோ கூட வராது. அதுக்கப்புறம் எழுப்பணும்னா கம்பெனி அங்கீகாரம் உள்ள அக்கவுண்ட் வேணும். ஃபிளாஷ் பண்றதுக்கு முன்னாடி ஃபாஸ்ட்பூட்ல 'கெட்வார் ஆன்டி'ன்னு ஒரு வரி அடிச்சுப் பார்த்திருந்தா அந்த எண் தெரிஞ்சிருக்கும். ஒரே ஒரு வரி!

சாம்சங்ல இன்னும் சுலபம், கம்ப்யூட்டரே வேண்டாம். செட்டிங்ஸ்ல சாஃப்ட்வேர் விவரத்துல பேஸ்பேண்ட் வெர்ஷன்னு ஒரு நீளமான எழுத்து வரிசை இருக்கும். கடைசியிலேருந்து எண்ணினா 5-வதா வர்றதுதான் பூட்லோடரோட எண். நீங்க டவுன்லோட் பண்ணின ஃபர்ம்வேர்ல அதே இடத்துல அதே எண் இருந்தா வழி இருக்கு. குறைவா இருந்தா ஓடின் பாதியில சிவப்பைக் காட்டி நின்னுடும்.

ஐபோன்ல எண்ணே பார்க்க வேண்டாம், ஏன்னா முடிவு உங்க மேஜையில நடக்கிறதே இல்ல. ஒவ்வொரு ரீஸ்டோருக்கும் உங்க போனோட அடையாள எண்ணைச் சேர்த்து ஆப்பிள் சர்வர்கிட்ட கையெழுத்து வாங்கணும். புது ஐஓஎஸ் வந்ததும் கொஞ்ச நாள் பழசுக்கும் கையெழுத்துப் போடுவாங்க, அப்புறம் நிறுத்திடுவாங்க. அந்த ஜன்னல் மூடினா அவ்வளவுதான். இன்னொண்ணு, புது ஐஓஎஸ்ல எடுத்த பேக்கப்பை பழைய ஐஓஎஸ்ல ஏத்த முடியாது. ஜன்னல் திறந்திருக்குன்னு அவசரமா இறங்கினவங்க இந்த இடத்துலதான் மாட்டுவாங்க.

ஆனா கம்பெனிங்க எல்லாம் நம்ம பாதுகாப்புக்காகவே தவம் இருக்காங்கன்னும் நான் சொல்லமாட்டேன். பிக்சல் 4ஏ கதையைப் பாருங்க. 2025 ஜனவரியில கூகுள் ஒரு அப்டேட்டைத் தானாகவே அனுப்புச்சு. பாதிக்கப்பட்ட போன்கள்ல பேட்டரி கொள்ளளவும் சார்ஜிங்கும் குறைஞ்சுபோச்சு. சரி, பழசுக்குத் திரும்பலாம்னு போனா, அந்தப் போனோட பழைய இமேஜ்களைத் தளத்திலேருந்தே எடுத்துட்டாங்க. பேட்டரியை மாத்தித் தர்றோம், பணம் தர்றோம்னு திட்டம் அறிவிச்சாங்கதான். ஆனாலும், காசு கொடுத்து வாங்கின பொருள் நேத்து இருந்த நிலைக்குத் திரும்புற வழியை விற்றவரே மூடுறது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியை ஒரு அரசு அமைப்பு நேராவே கேட்டிருக்கு. 2018 அக்டோபர்ல இத்தாலியோட போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. ஐபோன் 6-க்கு ஐஓஎஸ் 10-ஐயும், கேலக்ஸி நோட் 4-க்கு ஆண்ட்ராய்டு 6-ஐயும் தள்ளிவிட்டதால போன்கள் திணறின. அதைப் பத்தி வாங்கினவங்களுக்குச் சரியா சொல்லல, பழைய செயல்பாட்டுக்குத் திரும்ப ஒரு வழியும் கொடுக்கல. குற்றச்சாட்டுல இந்த ரெண்டாவது பகுதிதான் எனக்கு முக்கியமா படுது. நம்ம நாட்டுலயும் ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு வந்த புகார்களை வெச்சு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பினதா 2025 ஜனவரியில அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவிச்சார்.

இனி உங்க கையில இருக்கிற போனுக்கு வருவோம். அப்டேட் போட்ட அன்னைக்கு ராத்திரியே தீர்ப்பு எழுதாதீங்க. புது சிஸ்டம் வந்ததும் எல்லா ஆப்பையும் பின்னணியில மறுபடி தயார் பண்ணும், கேலரி முழுக்க ஒரு தடவை படிக்கும். அதனால ரெண்டு மூணு நாள் சூடாகும், சார்ஜ் இறங்கும். ஸ்டோரேஜ் நிரம்பி வழியுதான்னும் பாருங்க. 2021 மார்ச்ல உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு போன்கள்ல ஆப்ஸ் திறந்ததும் மூடிக்கிட்டே இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? பலர் போனையே ரீசெட் பண்ணப் போனாங்க. காரணம் வெப்வியூங்கிற ஒரே ஒரு ஆப். அதோட அப்டேட்டை மட்டும் நீக்கினதும் சரியாச்சு. ஆப் இன்ஃபோல 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'னு இருக்கே, அது போன் முழுக்கத் துடைக்காம அந்த ஒரு ஆப்போட டேட்டாவை மட்டும் துடைக்கிற குட்டி டவுன்கிரேடு மாதிரி. முதல்ல அதை முயற்சி பண்ணுங்க.

இதையெல்லாம் தாண்டி ஃபிளாஷ் பண்ணியே ஆகணும்னா, அது உங்க போனா அடுத்தவங்க போனான்னு கேட்டுக்கோங்க. என் கவலையே இங்கதான். லீவுக்கு ஊருக்குப் போனா நம்மகிட்ட போனை நீட்டுறது யாரு? காலையில ஜீப்ல மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போற அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா. "தம்பி, இன்ஜினியரிங் படிக்கிறியே, இது மெதுவா போகுது, பாரேன்." அவங்க போன்ல இருக்கிற ஜிமெயில், போன் வாங்கின அன்னைக்கு கடைக்காரர் உருவாக்கினது. பாஸ்வேர்ட் கடைக்காரருக்கும் ஞாபகம் இருக்காது, அக்காவுக்குத் தெரியவே தெரியாது. நீங்க ரெக்கவரியிலயோ ஃபிளாஷ் பண்ணியோ துடைச்சு முடிச்சதும் போன் ஆன் ஆகி, பழைய கூகுள் அக்கவுண்டோட பாஸ்வேர்டைக் கேக்கும். திருடனைத் தடுக்க 2015-ல ஆண்ட்ராய்டு 5.1-லேருந்து வந்த பூட்டு அது. பாஸ்வேர்ட் இல்லன்னா சிஸ்டம் நல்லா ஓடியும் போன் யாருக்கும் உதவாது. ஜூனியர் ஒருத்தனோட அம்மா போனுக்கு ஒரு கடையில இதேதான் நடந்துச்சு. அக்கவுண்டைத் திரும்ப எடுக்க ஒரு வாரம் ஆச்சு, பேக்கப் இல்லாத போட்டோ எதுவும் வரல. அதுல செத்துப்போன தாத்தாவோட கடைசி வீடியோவும் ஒண்ணு.

அதனால கேபிளைச் செருகுறதுக்கு முன்னாடி, போனைத் திறந்து வெச்சு அவங்க எதிர்லயே அந்த அக்கவுண்டுக்குப் புது பாஸ்வேர்ட் போட்டு ஒரு நோட்டுல எழுதிக் கொடுங்க. போட்டோ, வீடியோவை லேப்டாப்புக்கு காப்பி பண்ணுங்க. காண்டாக்ட்ஸ் சிம்லயா கூகுள்லயா போன்லயான்னு பாருங்க, பெரியவங்க போன்ல பாதி போன்லயே இருக்கும். வாட்ஸ்அப் பேக்கப் எந்த ஜிமெயிலுக்குப் போகுதுன்னு பாருங்க. ஜிபே, போன்பே எல்லாம் மறுபடி சிம்லேருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் பதிவாகும், அதனால அந்த பேங்க் நம்பர் சிம் போன்லயே இருக்கணும், எஸ்எம்எஸ் போற அளவுக்கு பேலன்ஸும் இருக்கணும். சம்பளம் வர்ற நாளுக்கு முந்தின நாள் இந்த வேலையை வெச்சுக்காதீங்க.

பூட்லோடரை அன்லாக் பண்ணி கஸ்டம் ரோம் போடுற வழி நமக்கு ஜாலி, அவங்களுக்கு வேண்டாம். அன்லாக் ஆன போன்ல நிறைய பேங்க் ஆப் திறக்காது. சாம்சங்ல நாக்ஸ் ஃபியூஸ் எரிஞ்சா செக்யூர் ஃபோல்டர் அதோட போச்சு, திரும்ப லாக் பண்ணினாலும் வராது. ஃபர்ம்வேர் ஃபைல் பல ஜிபி இருக்கும். மலைச் சிக்னலை நம்பாம கீழ இறங்கி வந்து டவுன்லோட் பண்ணுங்க. ஃபிளாஷ் ஓடுறப்ப கரண்ட் போகும், அதனால சார்ஜ் உள்ள லேப்டாப்லதான் பண்ணணும்.

தொடங்குறதுக்கு முன்னாடி ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு ரெண்டு ஐஎம்இஐ நம்பரையும் எழுதி வெச்சுக்கோங்க. தப்பான ஃபைலால அந்த நம்பர் காணாமப் போனா சிக்னல் வராது. "புதுசா ஒரு நம்பர் ஏத்தித் தர்றேன்"னு எந்தக் கடையில சொன்னாலும் போனை வாங்கிட்டு வந்துடுங்க. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அந்த நம்பரை மாத்துறதுக்கு 3 வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். சர்வீஸ் சென்டர்ல கேட்டுச் சரி பண்றதுதான் ஒரே வழி.

அப்டேட்டாலதான் போன் கெட்டுச்சுன்னு உறுதியா தெரிஞ்சா, ஃபிளாஷ் டூலைத் தேடுறதுக்கு முன்னாடி 1915-க்கு போன் பண்ணுங்க. அது தேசிய நுகர்வோர் உதவி எண். பில், மாடல், பில்ட் நம்பர், அப்டேட் போட்ட தேதி நாலும் கையில இருக்கட்டும்.