முன்னங்கைச் சித்திரமும் அரசாங்க உத்தியோகமும்

மத்திய ஆயுதக் காவல் படைகளில் காவலர் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் செய்கிற ஓர் இளைஞன், கணினித் தேர்வில் தேறி, 170 சென்டிமீட்டர் உயரமும் 80 சென்டிமீட்டர் மார்பளவும் உடையவனென்று அளந்து காட்டி, 5 கிலோமீட்டர் தூரத்தை 24 நிமிஷத்துக்குள் ஓடி முடித்து, கடைசியாக மருத்துவர் முன்னிலையில் போய் நிற்கும்போது, கண்பார்வை, பல்வரிசை, முழங்கால் இடைவெளி, பாதத்தின் வளைவு ஆகிய சகல அங்க லட்சணங்களோடும் கூட, அவன் எப்போதோ ஒரு திருவிழாவில் குத்திக்கொண்ட பச்சையும் பரிசீலனைக்கு வருகிறது. அது இடக்கையில் இருந்தால் பெரும்பாலும் பிழைத்தான். வலக்கையில் இருந்தால் அதுவரை பட்ட பிரயாசை அத்தனையும் விருதாவாகிவிடலாம்.

இதற்கு ஆதாரமான விதி, உள்துறை அமைச்சகம் 2015-இல் இந்தப் படைகளுக்கென்று வகுத்த மருத்துவப் பரிசோதனை நெறிகளில் இருக்கிறது. குத்தியிருப்பது என்ன, குத்தியிருப்பது எங்கே, அதன் அளவு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை அது கேட்கிறது. நமது தேசம் மதச்சார்பற்றதாகையாலும், பிரஜைகளின் மத உணர்ச்சி மதிக்கப்படவேண்டியதாகையாலும், தெய்வ உருவங்கள், சமயச் சின்னங்கள், பெயர்கள் ஆகியவை அனுமதிக்கப்படுகின்றன. இடத்தைப் பற்றிய நிபந்தனைதான் கடுமையானது: முன்னங்கையின் உட்புறம், அதுவும் இடது முன்னங்கை மட்டும், அல்லது புறங்கை. அளவோ, அந்த அவயவத்தில் கால் பாகத்துக்கும் குறைவாக இருக்கவேண்டும். இடக்கைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்றால், அது சல்யூட் செய்யாத கை என்பதே காரணம். சர்க்கார் விதிகளில் கட்டளை இருக்குமே தவிர அதற்குரிய நியாயம் எழுதப்பட்டிருப்பது அபூர்வம். இந்த விதியில் நியாயமும் கூடவே எழுதப்பட்டிருப்பதால், ஒப்புக்கொள்ளாதவர்களும் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

ராணுவத்தின் விதி சற்று வேறுபட்டது. முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரையிலும், புறங்கையிலும் குத்தப்பட்ட பச்சையை அது ஏற்றுக்கொள்கிறது. இடம் வலம் என்று பேதம் பாராட்டுவதில்லை. ஆகவே வலது முன்னங்கையின் உட்புறத்தில் தாயின் பெயரைக் குத்திக்கொண்ட ஒருவன், இதே தேசத்தின் எல்லையை ராணுவ உடையில் காக்கலாம், மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒன்றான எல்லைப் பாதுகாப்புப் படையின் உடையில் காக்க முடியாது என்ற விசித்திரம் ஏற்படுகிறது. விமானப் படையின் விதியும் ஏறக்குறைய ராணுவத்தினுடையதைப் போன்றதுதான். முன்னங்கையின் வெளிப்புறத்தில் பச்சை இருந்த ஒருவருடைய நியமனத்தை அந்தப் படை ரத்து செய்தபோது, விளம்பரத்தில் கேட்டிருந்தபடி பச்சையின் புகைப்படத்தை அவர் விண்ணப்பத்தோடு அனுப்பவில்லை என்பதையும் கவனித்து, டெல்லி உயர்நீதிமன்றம் 2018-இல் படையின் முடிவை ஊர்ஜிதம் செய்தது. படைகளின் கட்டுப்பாடு சம்பந்தமான விவகாரங்களில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடத் தயங்குகின்றன என்பதற்கு வேறு உதாரணமும் உண்டு: சமய நம்பிக்கையை முன்னிட்டுத் தாடி வளர்த்த விமானப் படை வீரர் ஒருவரை நீக்கியது செல்லும் என்று உச்சநீதிமன்றமே 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

ராணுவமும் விமானப் படையும் பழங்குடி மக்களுக்கு விலக்கு அளிக்கின்றன. தங்கள் குலவழக்கப்படி முகத்திலோ உடலிலோ குத்திக்கொண்டவர்களை அந்தக் காரணத்துக்காகத் தள்ளுவதில்லை. இது நேர்மையான விலக்கு. ஆனால் அது ஒரு கேள்வியையும் எழுப்பிவிடுகிறது. வழக்கம் என்பது மலையில் மட்டுமா வாழ்கிறது?

தமிழ்நாட்டுச் சமவெளியில் பச்சை குத்துதல் எவ்வளவு சர்வசாதாரணமாக இருந்தது என்பதை, இன்று எழுபது எண்பது வயதாகிற கிராமத்துப் பாட்டிமாரின் முன்னங்கைகளே சொல்லும். ஊர் ஊராக வந்த குறத்திகள் புள்ளி வைத்துக் கோலமாகவும், தேளாகவும், தேராகவும், கணவன் பெயராகவும் அதைக் குத்தினார்கள். மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்துத் திரியாக்கி எரித்து, அந்தக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து அவர்கள் மை கூட்டிய விதத்தை, 1909-இல் வெளிவந்த தம் பெரிய நூல் வரிசையில் எட்கர் தர்ஸ்டன் குறித்துவைத்திருக்கிறார். செத்தால் கூட வருகிற நகை இது ஒன்றுதான் என்று சொல்லிச் சொல்லியே பெண்குழந்தைகளின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பிற்காலத்தில் அரசியலும் இதைக் கைக்கொண்டது: 1970-களில் எம்.ஜி.ஆர். தம் கட்சித் தொண்டர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளவேண்டுமென்று சொன்னபோது, மறுத்து விலகியவர்கள் இருந்தார்கள் என்றாலும், குத்திக்கொண்டவர்கள் ஏராளம். இவர்களில் யாருக்கும் அதனால் பிழைப்பு கெட்டதாகச் செய்தியில்லை. வயலிலும் பஞ்சாலையிலும் மேஸ்திரி பார்த்தது கையின் வேகத்தையே தவிர, கையின் மேலிருந்த கோலத்தை அல்ல. அந்தப் பாட்டியின் பேரன் சீருடை உத்தியோகத்தை நாடிப் போகிற இன்றுதான் அது வினையாக வந்து நிற்கிறது.

ஆனால் தோலின் மேலிருக்கிற குறியைக் கொண்டு மனிதனை எடைபோடும் வழக்கத்தை நமது அரசாங்கங்கள் நேற்றுக் கற்றுக்கொள்ளவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் 1797-இல் பிறப்பித்த ஒரு சட்டத்தின்படி, ஆயுள் தண்டனை பெற்ற கைதியின் நெற்றியில் அவன் பெயரும், செய்த குற்றமும், தண்டனையின் விவரமும் பச்சையாகக் குத்தப்பட்டன. பின்னர் இந்த ஏற்பாடு சென்னை மாகாணத்துக்கும் பரவியது. விதி நெற்றியில் எழுதுகிறது என்று தலைமுறை தலைமுறையாக நம்பிவந்த ஜனங்களின் நெற்றியில், விதிக்குப் பதிலாகக் கம்பெனியாரே எழுதத் தொடங்கினார்கள் என்று சொல்லலாம். தப்பி ஓடினால் கண்டுபிடிப்பது எளிது என்பதே அவர்கள் சொன்ன நோக்கம். விளைவோ அதைவிட நீண்டது. மோரீஷஸ் தீவில் 1815 முதல் சாலை போடுவதற்காகக் கொண்டுபோகப்பட்ட கைதிகளிலும் இப்படிக் குறியிடப்பட்டவர்கள் இருந்தார்கள். தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டியும், முன்மயிரை நெற்றியில் விழவிட்டும், அந்த எழுத்தை மறைத்துக்கொண்டு பிழைக்கக் கைதிகள் பிரயத்தனம் செய்த செய்திகள் சரித்திரத்தில் இருக்கின்றன. தண்டனை தீர்ந்தாலும் நெற்றி தீராதல்லவா? அந்த மனிதனை எந்த முதலாளி வீட்டுக்குள் விடுவான்? 1849-இல் இந்த வழக்கம் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. ஐம்பத்திரண்டு வருஷகாலம் தானே நெற்றியில் குத்திய ஓர் அதிகார பீடம், பச்சை குத்திக்கொண்டவனை நம்பத்தகாதவன் என்று கருதுகிற மனோபாவத்துக்குத் தானும் ஒரு பங்கு விதை போட்டது என்று நினைப்பது அதீதமான கற்பனையல்ல என்பது என் அபிப்பிராயம்.

அரசாங்கத்தை விட்டுத் தனியார் ஸ்தாபனங்களுக்கு வந்தால், விஷயம் தெளிவடைவதற்குப் பதிலாகக் குழம்புகிறது. அரசியல் சாசனத்தின் 16-ஆவது ஷரத்து பொது உத்தியோகங்களில் சமவாய்ப்பை வழங்குகிறது. மதம், இனம், சாதி, பால், வம்சம், பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகியவற்றைக் காட்டி யாரையும் விலக்கலாகாது என்கிறது. தோற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. தனியார் முதலாளியோ அந்தப் பட்டியலுக்கே கட்டுப்பட்டவரல்லர். விமானப் பணிப்பெண்களையும் பணியாளர்களையும் எடுக்கிற கம்பெனிகள், சீருடை அணிந்தபின் வெளியே தெரிகிற பச்சை கூடாதென்று விளம்பரத்திலேயே சொல்லிவிடுகின்றன. அது பரவாயில்லை. தெரிந்துகொண்டு ஒதுங்கலாம், அல்லது மறைத்துக்கொள்ளலாம். நகைக்கடை, வங்கி, பெரிய ஓட்டல் முதலிய இடங்களில் எழுதப்பட்ட விதி எதுவும் விண்ணப்பதாரர் கண்ணில் படுவதில்லை. நேர்முகத் தேர்வில் அதிகாரியின் பார்வை மணிக்கட்டிலோ, மூக்கில் குத்திய வளையத்திலோ, ஆண்பிள்ளையின் காதுக் கடுக்கனிலோ ஒரு கணம் நின்று நகர்கிறது. “தகவல் சொல்லி அனுப்புகிறோம்” என்ற வழக்கமான வாசகத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது. காரணம் இன்னதென்று சொல்லப்படாதபடியால் அதை எதிர்த்து முறையிட வழியே இல்லை. கடுக்கன் போடாத ஆண்மகனைக் காண்பதே அரிதாயிருந்த தேசத்தில் கடுக்கன் ஒழுங்கீனத்தின் அடையாளமாகிவிட்டது காலத்தின் வேடிக்கைகளில் ஒன்று. மென்பொருள் கம்பெனிகளில் இந்தக் கெடுபிடி வெகுவாகத் தளர்ந்திருக்கிறது. வாடிக்கையாளர் நேரில் வராத இடம் அது.

அந்த வேறுபாடுதான் விஷயத்தின் சூட்சுமம். பிரிட்டனில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மேலாளர்களிடம் விசாரித்து ஆண்ட்ரூ டிம்மிங் என்ற பேராசிரியர் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பலர் தங்களுக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லையென்றும், வாடிக்கையாளர் என்ன நினைப்பாரோ என்றே அஞ்சுவதாகவும் சொன்னார்கள். அமெரிக்காவில் மைக்கேல் ஃபிரெஞ்ச் என்பவரும் சகாக்களும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2018-இல் எழுதியபோதோ, பச்சை குத்திக்கொண்டவர்களுக்கு வேலை கிடைப்பதிலும் வருமானத்திலும் குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் தென்படவில்லை என்று கண்டார்கள். இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினாலும் அப்படியல்ல. ஒரு கதவு மூடினால் மனிதர்கள் வேறு கதவைத் தட்டி உள்ளே போய்விடுகிறார்கள். வேலை இருக்கிறதா என்ற கணக்கு அந்த மூடிய கதவைக் காட்டாது. அமெரிக்காவைப் போல ஜனத்தொகைக்கு ஏற்ற கதவுகள் இருக்கிற இடத்தில் இது சரி. காவலர் வேலைகளுக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பம் குவிகிற நம் நாட்டுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திக்கொண்டு ஆறுதல் அடைய முடியாது. முதலாளிகள் பயப்படுகிற வாடிக்கையாளர் கோபம் உண்மையில் எவ்வளவு என்பதும் பரீட்சித்துப் பார்க்கத் தக்கதே. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி மக்களின் குலச் சித்திரங்களை மறைக்கச் சொல்வது தகுமா என்ற விவாதத்துக்குப் பிறகு, ஏர் நியூசிலாந்து 2019 செப்டம்பர் முதல், குலவழக்கம் உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமின்றி, ஊழியர் எல்லோரும் பச்சையை வெளிக்காட்டலாமென்று அனுமதித்தது. அதனால் அந்த விமானங்கள் காலியாகப் பறந்துவிடவில்லை.

இனி, குத்திய பச்சையை அழிப்பது பற்றி. டெல்லி உயர்நீதிமன்றம் 2022-இல் விசாரித்த வழக்கொன்றில், சல்யூட் செய்கிற வலக்கையின் புறத்திலிருந்த சமயச் சின்னத்துக்காக நிராகரிக்கப்பட்ட இளைஞர், அதை அகற்றிவிட்டு இரண்டு வாரத்துக்குள் புதிய மருத்துவக் குழுவின் முன் ஆஜராகலாமென்று உத்தரவாயிற்று. பம்பாய் உயர்நீதிமன்றமும் ஒரு வழக்கில், பச்சையின் பெரும்பகுதியை அழித்துவிட்டு வந்த விண்ணப்பதாரருக்கு அனுகூலமாக இருந்தது. கருணையுள்ள உத்தரவுகள்தான், ஆனால் சரீர சாஸ்திரம் கோர்ட்டு வாய்தாவுக்குக் கட்டுப்படுவதில்லை. ஊசியால் ஏற்றிய மை மேல்தோலைக் கடந்து அடித்தோலில் தங்குகிறது. அங்கே உடலின் காவல் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை மடியும்போது வெளிப்படுகிற மையைப் புதிய செல்கள் மறுபடி விழுங்குகின்றன என்று, மார்செய் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் எலிகளைக் கொண்டு நிரூபித்தார்கள். ஆயுள் முழுவதும் பச்சை அழியாதிருப்பதன் ரகசியம் அதுதான். லேசர் ஒளியை, ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பாகம் என்று சொல்லத்தக்க நேரத்துக்கு மட்டும் பாய்ச்சினால், மைத்துகள் பொடிபட்டு, நிணநீர் வழியே மெள்ள மெள்ள வெளியேறுகின்றன. மெள்ள என்பதுதான் கவனிக்கவேண்டிய சொல். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விட்டு, பல தடவை செய்யவேண்டும். நன்றாகக் குத்தப்பட்ட ஒரு பச்சை முழுதும் மறைய ஒரு வருஷம் பிடிப்பது சகஜம். கறுப்பும் கருநீலமும் எளிதில் கரையும். பச்சையும் மஞ்சளும் பிடிவாதமானவை. நம்மவரின் கருந்தோலில் அலைநீளத்தைக் கவனியாமல் லேசரைச் செலுத்தினால், மை போனாலும் அந்த இடம் வெளுத்துப்போகவோ தழும்பு தடிக்கவோ கூடும். 1,064 நானோமீட்டர் அலைநீளமுடைய லேசர் கருந்தோலுக்குப் பத்திரமானது என்பதால், போகுமுன் அதை விசாரித்துக்கொள்வது நல்லது. அமிலத்தைத் தடவியும், சூட்டுக்கோல் வைத்தும், உப்பால் தேய்த்தும் அவசரமாக அழித்துக்கொள்கிறவர்கள், பச்சைக்குப் பதில் புண்ணோடு போய் மருத்துவர் முன் நிற்கிறார்கள்.

பச்சையைப் பற்றிய விதியே இருக்கலாகாது என்பது என் கட்சியல்ல. எழுதாத தடையைக் காட்டிலும் எழுதிய தடை எவ்வளவோ மேல். அதைப் படிக்கலாம், வழக்காடலாம், திருத்தலாம். ஆனால் படிக்கவேண்டியவனுக்குப் படிக்க வேண்டிய காலத்தில் அது கிடைக்கவேண்டும். காவலர் பணிக்கான கணினித் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 பிராந்திய மொழிகளிலும் எழுதலாமென்ற ஏற்பாடு 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேர்வின் அறிவிக்கையோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிவருகிறது, பச்சையைப் பற்றிய வாசகம் அதன் பக்கங்களுக்கு நடுவே எங்கோ கிடக்கிறது. விண்ணப்ப வயது பதினெட்டு முதல் இருபத்துமூன்று வரை. நம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கிற தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இந்தத் தேர்வுகளுக்கு இலவசமாகக் கணக்கும் பொது அறிவும் கற்றுக்கொடுக்கிறார்கள். வகுப்பின் முதல் நாளே பையன்கள் சட்டைக்கையை மடித்துக் கையைக் காட்டும்படி ஆசிரியர் சொல்லிவிட்டால், வலக்கையில் பச்சை உள்ளவன், எழுத்துத் தேர்வும் ஓட்டமும் முடிந்து மருத்துவர் கூப்பிடுகிற நாள் வருவதற்குள், இரண்டு மூன்று தடவையாவது லேசர் சிகிச்சைக்குப் போய் வந்திருப்பான்.