நித்தியகல்யாணி: தொட்டியில் வளரட்டும், கஷாயமாக வேண்டாம்

வேலூர் வெயிலைத் தாங்கி ஆண்டு முழுவதும் பூக்கும் செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் இதனை அழைப்பர். லாங் பஜார் போன்ற நெருக்கமான பகுதிகளில் வாழ்வோரும் மொட்டைமாடித் தொட்டியில் இதனை எளிதாக வளர்க்கலாம். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுக. மிகுந்தால் வேர் அழுகும். நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துப் பூக்கும்.

ஜமைக்காவில் நீரிழிவுக்கு இதன் இலைக் கஷாயத்தைப் பருகிவந்தனர். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதனை ஆராய்ந்தபோது எலிகளின் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்களே குறைந்தன. அவ்வாய்விலிருந்து 1958இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. இதே செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து.

‘அப்படியானால் இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?’ எனப் பலர் எம்மிடம் கேட்கின்றனர். கூடாது. மருந்தைத் தனியே பிரித்தெடுத்து, உடலளவுக்கேற்பக் கணக்கிட்டு, இரத்தநாளம் வழியாக மட்டுமே செலுத்துகிறோம். இலையில் அம்மருந்து மிகச் சொற்பம். உடன் வேறு நச்சுப் பொருள்களும் உள்ளன. கஷாயம் வாந்தியையும் இரத்த அழுத்தக் குறைவையும் உண்டாக்கக்கூடும். சிகிச்சையில் இருப்போருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஏற்கெனவே அருந்தியிருந்தால் மறைக்காமல் கூறுங்கள், கடிந்துகொள்ள மாட்டோம்.

வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாள்களில் மண்ணைக் கிளறும் வேலையை வீட்டாரிடம் விடுங்கள். மண்ணிலுள்ள பூஞ்சையால் தொற்று ஏற்படலாம். பூக்களைச் சற்றுத் தள்ளி அமர்ந்து கண்டு மகிழுங்கள்.