கண்ணாடிக்குள் ஒரு கடல்

கடல் சூழ்ந்த நாட்டில் வாழ்வோர்க்குக் கடல்நீர் புதுமையன்று. ஆயினும் அந்நீரைச் சிறிது வீட்டுக்குக் கொணர்ந்து, அதில் ஒரு சிறு மீனை ஒரு திங்கள் உயிரோடு வைத்திருப்பது எளிய செயலன்று. நன்னீர் மீன் வளர்த்துப் பழகியோரும் இதில் முதன்முறை தோல்வியுறுவதுண்டு. வாங்கிய சில நாளில் மீன் இறந்து மிதக்கக் கண்டு, நோய் என்பர் சிலர். உப்புக் குறைவு என்பர் வேறு சிலர். பெரும்பாலும் உண்மைக் காரணம் ஒன்றே: தொட்டி ஆயத்தமாகுமுன் மீன் வந்துவிட்டது.

தொட்டி ஆயத்தமாதல் என்றால் என்ன? இலண்டன் மாநகரில் அன்னா தின் என்னும் பெண்மணி 1846 ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து பவளவுயிர்களைக் கொணர்ந்து வீட்டில் வளர்த்தார். நீர் கெடாதிருக்க, திறந்த சாளரத்தின் அருகே அதனைக் கலத்திற்குக் கலம் ஊற்றி வளியூட்டும் வேலை அவர் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாய்த்தது. 1854 இல் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூலின்பின் இவ்விருப்பம் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. வளி கலந்த நீரில் உயிர்கள் நிலைக்கும் என்பதை அக்காலத்தவர் கண்டனர். ஆயின், நீரைத் தூய்மை செய்யும் கண்காணா உழைப்பாளரை அவர்கள் அறிந்திலர். 1890 ஆம் ஆண்டளவில் ரசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி, மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் அமோனியாவை வேறு பொருள்களாக மாற்றுவதை நிறுவினார். தொட்டியின் மருமம் அங்கேதான் உள்ளது.

மீன் மூச்சுவிடும்போதும், அதன் கழிவும் மிஞ்சிய உணவும் அழுகும்போதும் நீரில் அமோனியா சேர்கின்றது. அது செவுள்களைத் தாக்கும் நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் தீங்குடையதே. இன்னொருவகை, நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்றின் தீமை குறைவு. நீரைச் சிறிது சிறிதாக மாற்றி அதனை வெளியேற்றலாம். பெருங்கடலில் இத்தொழில் ஓயாது நடைபெறுகின்றது. புதிய தொட்டியிலோ அவ்வுழைப்பாளர் இன்னும் குடியேறவில்லை. அவர்கள் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் வேண்டும்.

தொடக்கத்தில் 100 இலீற்றர் கொள்ளும் தொட்டி போதும். மிகச் சிறிய தொட்டி மலிவாயினும் ஆபத்தானது. சிறு பிழையும் அதில் விரைந்து பெரிதாகும். வெயில் படாத இடத்தில், உறுதியான தாங்கியின்மீது அதனை வைத்தல் வேண்டும். 100 இலீற்றர் நீர் மட்டுமே 100 கிலோகிராம் நிறையுடையது.

நீர் ஆயத்தம் செய்வதில் அடுக்களை உப்பு உதவாது. உப்பளத்தில் உப்பு விளைந்தபின், மகனீசியம் முதலிய பல பொருள்கள் எஞ்சிய கசப்பு நீரோடு வடிக்கப்படுகின்றன. மீனுக்கு அவையும் வேண்டும். ஆதலின் இதற்கெனச் செய்யப்பட்ட கடலுப்பை, இலீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைத்து, தன்னீர்ப்பு 1.025 அளவில் நிற்கின்றதா என நீர்மானியால் அளந்தறிதல் நன்று. குழாய்நீரிலுள்ள குளோரீனை முன்னரே நீக்க வேண்டும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் வயலுரத்தினின்று கசிந்த நைத்திரேற்று மிகுந்திருத்தல் ஆய்வுகளிற் கண்ட உண்மை. அத்தகைய நீரைச் சோதியாது கொள்ளலாகாது.

கழுவிய சிப்பிமணலும், துளைமிக்க சுண்ணக்கற்களும் பற்றீரியாக்களுக்கு வீடாகும். நீரை ஓடச்செய்யும் பம்பியை இயக்கியபின், மீனின்றியே நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு இட்டுவரின், அது அழுகிப் பற்றீரியாக்களுக்கு இரையாகும். கடைகளிற் கிடைக்கும் நிறச் சோதனை மருந்தினால் அமோனியாவும் நைத்திரைற்றும் முதலில் ஏறி, பின்னர் இறங்கி மறைவதைக் காணலாம். இரண்டும் அற்றுப்போன நாளே தொட்டி ஆயத்தமான நாள். அதன்பின் நீரிற் கால்வாசியை மாற்றி, மீனை வரவேற்கலாம்.

குளிர்நாட்டார் தொட்டியைச் சூடாக்குகின்றனர். இங்கு அதனைக் குளிர்விப்பதே கவலை. நீர் வெப்பமுற அதில் கரையும் ஒட்சிசன் குறையும். வெப்பநிலை 28 பாகை சென்ரிகிரேட்டுக்கு மேற் செல்லாதிருக்க, நீர்மேற்பரப்பில் விசிறிக் காற்றுப் படச்செய்யலாம். அதனால் நீர் ஆவியாகும். உப்போ ஆவியாகாது தங்கிவிடும். ஆகையால் குறைந்த அளவை நன்னீராலேயே நிரப்ப வேண்டும். உப்புநீரால் நிரப்புவோர் நாளுக்கு நாள் உவர்ப்பை ஏற்றுகின்றனர். கண்ணாடியில் ஒரு கோடு இட்டு வைத்தால் குறைவு எளிதிற் புலப்படும். மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி வரை நீண்ட 2022 ஆம் ஆண்டின் பாடமும் ஒன்றுண்டு: மின்கலத்தில் இயங்கும் சிறு வளிப்பம்பி ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும்.

முதல் மீனாகக் கோமாளி மீன் ஏற்றது. அது தொட்டிகளிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்படுவதால் சிறையிருப்புக்குப் பழகியது. 100 இலீற்றருக்கு ஒரு சோடி போதும். வண்ணத்துப்பூச்சி மீனின் அழகு கண்ணைப் பறிக்கும். ஆயின் அவ்வினத்துட் பல பவளவுயிர்களையே தின்று வாழ்வன. தொட்டியில் அவை பட்டினியால் மெலிந்து மடியும். கடையில் மீன் இரை உண்பதைக் கண்டபின்னரே அதனை வாங்குதல் அறிவுடைமை. வீட்டிற்குக் கொணர்ந்ததும், தொட்டிநீரைப் பையினுட் சிறிது சிறிதாகச் சேர்த்து அதனைப் பழக்க வேண்டும். இரை, இரண்டொரு நிமிடத்தில் உண்டு தீரும் அளவே போதும். இரு கிழமைக்கு ஒருமுறை நீரிற் பத்திலொரு பங்கை மாற்றுவது நல்வழக்கம்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்று கேட்கலாம். கடைத்தொட்டியிற் காணும் கடல்மீன்களுட் பெரும்பாலன, மூழ்குவோர் நம் கரைகளின் பவளத்திட்டுகளில் வலைகொண்டு பிடித்தவை. ஒன்று மாண்டால், அதற்கு ஈடாக இன்னொன்று அத்திட்டிலிருந்தே வரும். அத்திட்டுகளோ முன்னரே நலிவுற்றவை. 1998 ஆம் ஆண்டு கடல் மிகை வெப்பமுற்றபோது ஹிக்கடுவையிற் பவளங்கள் வெளிறி மடிந்தன. பவளத்தைப் பெயர்த்தெடுப்பதைச் சட்டம் தடுக்கின்றது. தொட்டிக்கு அழகு என்று உயிருள்ள கல்லைத் தேடுவது தகாது.

வெறுந் தொட்டியை ஆறு கிழமை பார்த்திருக்க இயலாதார்க்கு இக்கலை பொருந்தாது. இயன்றவர் வீட்டில், ஒரே சோடி மீன் பல ஆண்டு வாழும். அந்த அளவுக்குக் கடலும் காக்கப்படும்.